மாமாவுக்கு ஜாமீன் கையெழுத்து போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 29 வயசு, அம்பாசமுத்திரம். 7 வயசுல லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) வந்து மெட்ராஸ்ல வச்சு வைத்தியம் பாத்து சரியாயிட்டு. இப்போ வண்ணார்பேட்டைல ஒரு கடைல பில்லிங், சம்பளம் 24,000. கணக்கு மண்டைல நிக்க மாட்டேங்கு, இஎம்ஐ தேதி மறந்துருது. அப்போ வைத்தியத்துக்கு காசு தந்த மாமாவுக்காக என் பேர்ல 4 லட்சம் பெர்சனல் லோன் எடுத்தேன், 16 பர்சென்ட், 4 வருஷம். மாமா ஒரு மாசம் 5,000 தாராவ, மறுமாசம் இல்ல. இப்போ இன்னொரு 6 லட்சம் லோனுக்கு ஜாமீன் கேக்காவ. அவிய மவன் யூலிப் (இன்சூரன்ஸும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்லுதான். சேமிக்க என்ன வழி?

பதில்: தம்பி, சேமிப்ப அப்புறம் பாப்போம். இஎம்ஐ சுமாரா 11,300, வருஷத்துக்கு 1,35,000க்கு மேல, மாமா தந்தது 30,000னு வச்சாலும் மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல உங்க கைக்காசு, அதாவது நாலு மாச சம்பளத்துக்கும் மேல மாமாவுக்கே போயிருக்கு.

மறதிக்கு உங்கள நீங்களே திட்டாதீங்க. சின்ன வயசுல தலைக்கு ரேடியேஷன், முதுகுத்தண்டுல மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற புற்றுநோய் மருந்து ஊசின்னு போனவங்கள்ல சிலருக்கு பல வருஷம் கழிச்சும் கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம் எல்லாம் கொஞ்சம் மட்டுப்படும், டாக்டர்களுக்கு தெரிஞ்ச விஷயந்தான். செக்கப் போகும்போது சொல்லுங்க. சம்பளம் விழுற அன்னைக்கே 11,400 தனி அக்கவுண்டுக்கு தானா போற மாதிரி பேங்க்ல எழுதிக் குடுத்து, இஎம்ஐய அதுல இருந்து எடுக்கச் சொல்லிருங்க. ஒரு தடவ பவுன்ஸ் ஆனா ஐநூறு அறுநூறு தண்டம்லா.

உண்மையான கேடு, மாமா டீய குடிச்சிட்டு பேப்பர நீட்டுன உடனே நீங்க பேனாவ எடுக்கது. ஜாமீன்னா சும்மா சாட்சி இல்ல, 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி கடன் வாங்குனவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கும் உண்டு, பேங்க் மாமாவ விட்டுட்டு நேரா உங்கள்ட்ட வரலாம், அவரு கட்டாட்டி உங்க சிபிலும் (கடன் மதிப்பெண்) போயிரும். இனி எந்த பேப்பரும் ராத்திரி வீட்ல கிடக்கட்டும், காலைல அம்மாவும் நீங்களும் உக்காந்து வாசிங்க.

யூலிப்பா? சவம், அத விடுங்க. அப்போ டாக்ஸோரூபிசின் மாதிரி புற்றுநோய் மருந்து ஏறியிருந்தா வருஷம் கழிச்சு இதயத்த தொடலாம், எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க காசு வேணும், அத முதல்ல ஒதுக்குங்க. மெடிக்கிளைம் எடுத்தா பழைய நோய மறைக்காம எழுதுங்க, அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்க காத்திருப்பு 3 வருஷம் வரைக்கும் இருக்கும், பரவால்ல. ‘எழுதாட்டி யாருக்கு தெரியும்’னு ஏஜென்ட் சொன்னா அந்த ஆள்ட்ட வாங்காதீங்க.

மாமாட்ட ஏன் எதுக்குன்னு விளக்கம் சொல்லிட்டு நிக்க வேண்டாம். பாளையங்கோட்டை அண்ணாச்சி கையெழுத்து போடக்கூடாதுன்னுட்டாருன்னு மட்டும் சொல்லுங்க, ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன்.