அபராதம் கட்டிவிட்டால் முடிந்ததா?

அமெரிக்காவில் குடியேற்ற வழக்கும் கிரிமினல் வழக்கும் நடத்தும் வக்கீலிடம் சேலம் பக்கத்தார் கேட்டவை.

கேள்வி (பேர்லேண்ட்ஸ்): சார், பையன் எச்-1பி வேலை விசாவில் டெக்சாஸ் போய் மூன்று வருஷம். கடையில் 900 டாலர் சாமானுக்குப் பில் போடாமல் வந்ததாகக் கேஸ். "டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) வாங்கலாம், கடைசியில் தள்ளுபடி ஆகிவிடும், தண்டனையே இல்லை" என்கிறார் அங்குள்ள வக்கீல். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம் சார். டெக்சாஸ் கணக்கில் அது தண்டனை இல்லைதான். குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி கண்காணிப்போ அபராதமோ விதித்துவிட்டால் அது தண்டனைத் தீர்ப்பு. பிறகு தள்ளுபடி ஆனாலும் அழியாது.

தொகையும் முக்கியம். 750 டாலரிலிருந்து 'கிளாஸ் ஏ' வகைக் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 வருஷத்துக்குள் செய்த திருட்டு, ஒரு வருஷமோ கூடுதலோ சிறை விதிக்க இடமுள்ள பிரிவில் வந்தால் நாடு கடத்தலாம். ஒரு நாள்கூட உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழான 'கிளாஸ் பி'க்கு உச்சம் 180 நாள், இந்த வலையில் விழாது. ஆகவே முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, விசாரணைக்கு முன்பே நிபந்தனையோடு வழக்கை முடிக்கும் 'ப்ரீடிரையல் டைவர்ஷன்' கேட்கட்டும் (அதிலும் சில இடங்களில் வாக்குமூலம் எழுதி வாங்குவார்கள், படித்துப் பார்க்காமல் தொடக் கூடாது). கிடைக்காவிட்டால் 'பி'க்கு இறக்கப் பேசட்டும். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என 2010இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி (ஏற்காடு): காசு வைத்துச் சீட்டாடினோம் என்று 2019இல் பிடித்து, கோர்ட்டில் 300 ரூபாய் கட்டினேன். மகளைப் பார்க்கப் போகணும். விசா ஃபாரத்தில் 'இல்லை' என்று போட்டுவிடலாமா?

பதில்: 'ஆம்' போடுங்கள் அண்ணா. டிஎஸ்-160 என்ற அந்த விசா ஃபாரம் கேட்பது எப்போதாவது கைதோ தண்டனையோ உண்டா என்று. நீதிபதி முன் "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிக் கட்டியது தண்டனைதான். ஹெல்மெட்டுக்கு ரோட்டில் கட்டும் ஃபைன் வேறு. சும்மா சீட்டாடியது பொதுவாக விசாவைத் தடுக்கும் குற்றமல்ல, மறைப்பதுதான் ஆயுசுத் தடையில் கொண்டுபோய் விடும். கேஸ் முடிந்த கோர்ட்டில், அது அஸ்தம்பட்டி என்றால் அங்கேயே, நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எஸ்டிசி (சுருக்க விசாரணை வழக்கு) நம்பர் அபராத ரசீதில் இருக்கும். ரசீது தொலைந்திருந்தால் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் நம்பரும் தேதியும் கேளுங்கள். தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்ட உறுதியுரையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி (ஆத்தூர்): கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்குமா?

பதில்: வெறும் எஃப்ஐஆர் தடையல்ல. குற்றப்பத்திரிகையைக் கோர்ட் கோப்பில் எடுத்துவிட்டால் அதே கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். மனுவில் எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். உத்தரவில் காலம் இல்லையென்றால் ஒரு வருஷத்துக்குத்தான் தருவார்கள்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர், சேலம்): பி.எல். முடித்து அங்கே இந்த இரண்டு வேலையும் பார்க்க வழி என்ன அண்ணா?

பதில்: நியூயார்க்கில் பெரும்பாலும் 24 கிரெடிட் எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு) படித்தால்தான் பார் தேர்வு (வக்கீல் லைசென்ஸ் தேர்வு) எழுதலாம். கலிஃபோர்னியாவில் இங்கே பதிவான வக்கீல் எல்எல்எம் இல்லாமலே எழுதலாம், அதனால் கிளம்பும் முன்பே பார் கவுன்சிலில் என்ரோல் ஆகிவிடு தம்பி. எந்த மாநில லைசென்ஸ் இருந்தாலும் நாடு முழுக்கக் குடியேற்றக் கோர்ட்டில் ஆஜராகலாம், அது மத்திய சட்டம். மாநிலக் கிரிமினல் கோர்ட்டுக்கு அந்தந்த மாநில லைசென்ஸே வேண்டும். எங்கே ஆபீஸ் போடப் போகிறாய் என்று முடிவு செய்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டு.