கண் நரம்பில் ‘சி.டி.ஆர் 0.7’ என்றால் என்ன?

தக்கலையில் கண்ணாடி மாற்றப் போன 58 வயது அம்மாவுக்கு சி.டி.ஆர் வலக்கண் 0.7, இடக்கண் 0.4, கண் அழுத்தம் 16 (மி.மீ. பாதரசம்) என்று எழுதித் தந்திருக்கிறார்கள். பார்வை தெளிவு, பயப்பட வேண்டுமா என்பது கேள்வி.

கண்ணின் பின்புறம் நரம்பு வெளியேறும் இடம் ஒரு வட்டத் தட்டு. அதன் நடுவே சிறு குழி. தட்டின் உயரத்தில் குழி எத்தனை பங்கு என்பதே சி.டி.ஆர் (கப்-டிஸ்க் ரேஷியோ, குழி-தட்டு விகிதம்) என்ற அந்த எண். சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் தட்டின் விளிம்பு வழியாகப் போகின்றன. இழைகள் அழிய அழிய விளிம்பு மெலிந்து குழி அகலும். பிறவியிலேயே தட்டு பெரிதாக இருந்தால் குழியும் பெரிதாகத்தான் இருக்கும், அது நோயல்ல. ஆனால் இங்கே இரு கண்ணுக்கும் 0.3 வித்தியாசம். 0.2-ஐத் தாண்டினாலே கண்நீர் அழுத்த நோயை (கிளாகோமா) சந்தேகிக்க வேண்டும்.

அழுத்தம் 16 என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுவதுண்டு; கருவிழி (கார்னியா) மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்தும் காட்டும். பக்கப் பார்வைதான் முதலில் போகும் என்பதால் நோய் இருப்பவர்களும் எழுத்துப் பலகையை கடைசி வரி வரை வாசிப்பார்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு கண் மருத்துவரிடமோ பார்வைப் புலச் சோதனை (பக்கப் பார்வையை அளப்பது), ஓ.சி.டி. ஸ்கேன் (நரம்பிழை அடுக்கின் தடிமனை அளப்பது), கருவிழித் தடிமன், கோணப் பரிசோதனை (கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்ப்பது) நான்கையும் கேளுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், பைக் ஓட்டக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடுகிறவரென்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

தட்டு வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் கதை வேறு: தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.