மழுங்கிய மீன் அம்பு முனை: சாணையா, அரமா?

நண்பரே, அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் வில்லம்பால் கெண்டை மீன் அடிக்கும்போது அம்பு கல்லில் பட்டு முனை மழுங்கிவிட்டது, மின்சாணையில் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். அடுத்த கல்லிலேயே வளையும். நானும் அப்படி ஒரு முனையை வீணாக்கியிருக்கிறேன்.

தட்டை அரம் போதும். முதலில் அம்பில் கட்டிய நூலைக் கழற்றுங்கள். முனையைத் தனியே கழற்ற முடிந்தால் கழற்றி, வைஸில் (பொருளை அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) இறுக்குங்கள். உங்களுடையது மூன்று பட்டை முனை, அதாவது கூரில் சேரும் மூன்று தட்டைப் பக்கங்கள் கொண்டது என்பதால், பட்டைகளில் மார்க்கரால் மை பூசிக்கொள்ளுங்கள். பட்டையின் பழைய சரிவிலேயே அரத்தைப் படியவைத்து, ஒரே திசையில் தள்ளுங்கள். மை சீராக அழிந்தால் சரிவு சரி; ஓரத்தில் மட்டும் அழிந்தால் கை சாய்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் அதே எண்ணிக்கையில் தள்ளுங்கள், இல்லையென்றால் கூர் நடுவிலிருந்து விலகிவிடும்.

ஊசிபோல் மெலிய வைக்காதீர்கள். கெண்டைக்குச் சரிதான், ஆனால் அலிகேட்டர் கார் (alligator gar) என்ற, முதலைபோல் நீண்ட வாயுள்ள பெரிய மீனின் செதில் எலும்புபோல் கெட்டி, மெலிந்த கூர் அதில் மடங்கும். கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள். வழுக்காமல் பிடித்தால் முடிந்தது. துருப்பிடிக்காமல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள்.

குத்திய மீன் கழன்றுபோகாமல் பிடிக்கும், முனையிலுள்ள கொக்கி முள் தளர்ந்திருந்தால் கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மீன் நழுவும், அதையும் பார்த்துவிடுங்கள்.