ஸ்லோ குக்கரில் பழக் காப்ளர்: கேள்வியும் பதிலும்

கோபிசெட்டிபாளையத்தில் பல ஆண்டுகளாக வீட்டிலேயே கேக்கும் பலகாரமும் செய்து கொடுத்து வருகிறேன். ஸ்லோ குக்கரில் (பீங்கான் பானைக்குள் மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) காப்ளர் செய்வது எப்படி என்று சென்ற வாரம் எழுதியதை ஒட்டி நம் குழுவினர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காப்ளர் என்றால் என்ன, அக்கா? கேக்கும் அதுவும் ஒன்றுதானா? (திருப்பூரிலிருந்து)

ஒன்றல்ல. அமெரிக்க வீடுகளில் பீச் பழத்தைக் கொண்டு பெரும்பாலும் செய்யப்படும் பலகாரம் இது. அடியில் இனிப்பூட்டிய பழம் கொழகொழவென்று வெந்திருக்கும். அதன் மேல் கரண்டியால் ஆங்காங்கே இட்ட மாவு மெத்தென்று உப்பி நிற்கும். நம் மாம்பழப் பச்சடியின் மேல் ஆவியில் வெந்த கேக்கை வைத்தது போலிருக்கும் என்று சொன்னால் பாதி சரியாக இருக்கும். முட்டை தேவையில்லை என்பதால் சைவ வீடுகளுக்கும் தயக்கமின்றிச் செய்து கொடுக்கலாம்.

அளவுகளை ஒரே இடத்தில் சொல்லுங்கள், அம்மா. (பெருந்துறையிலிருந்து)

மூன்றரை லிட்டர் குக்கருக்கு நறுக்கிய பழம் 1 கிலோ, நாட்டுச்சர்க்கரை 100 கிராம், சோள மாவு (கடையில் கிடைக்கும் வெள்ளை கார்ன் ஃப்ளோர்) 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குத்தூள் அல்லது ஏலக்காய். இவற்றைப் பிசறி, வெண்ணெய் தடவிய பானையில் பரப்பி விடுங்கள். மேல் மாவுக்கு மைதா 200 கிராம், சர்க்கரை 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், பால் 150 மில்லி. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். வடை மாவுக்கும் இட்லி மாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் கலந்து, அதிகம் அடித்துக் கிளறாமல் உடனே பழத்தின் மேல் இட்டு, 'ஹை' என்ற அதிகச் சூட்டு நிலையில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வேக விடுங்கள். 200 வாட் குக்கர் என்றால் மொத்தச் செலவு அரை யூனிட் மின்சாரம்தான்.

நாட்டுச்சர்க்கரையைப் பழத்தோடு மட்டும் சேருங்கள். அதைப் பாலில் கரைத்துச் சூடாக்கினால் பால் திரிந்துவிடும் என்பது பாயசம் வைத்த எவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் கவுந்தப்பாடிச் சர்க்கரை எளிதில் கிடைக்கிறது. வெள்ளைச் சர்க்கரை தராத ஒரு மணத்தை அது பழத்துக்குத் தருகிறது.

நான் செய்தபோது மேல் மாவு களி போல ஈரமாகவும், அடியில் பழம் தண்ணீரில் மிதந்துகொண்டும் இருந்தது. பால் கூடிவிட்டதா? (பொள்ளாச்சியிலிருந்து)

இதே குறையை இன்னும் நான்கு பேர் எழுதியிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குற்றம் பாலில் இல்லை. ஓவனில் வைத்த பழம் தன் நீரில் ஒரு பகுதியை ஆவியாக வெளியே விட்டுவிடும். ஸ்லோ குக்கரோ மூடியோடு வேகும் பாத்திரம். எழும் ஆவி கண்ணாடி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக உங்கள் மாவின் மேலேயே விழுகிறது. இட்லித் தட்டில் ஆவி நீர் சொட்டிய இட்லி எப்படிப் பிசுபிசுப்பாக இருக்குமோ, அதேதான் இங்கும் நடக்கிறது. ஆகவே ஸ்லோ குக்கரில் காப்ளர் செய்வது என்பது பெரும்பாலும் நீரைக் கட்டுப்படுத்துவதுதான். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மூடியைத் துடைத்து, அதற்கும் பானைக்கும் நடுவில் வெளுத்த பருத்தித் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, நன்றாக இழுத்து விரித்து மூடுங்கள். சொட்டும் நீரைத் துணி வாங்கிக்கொள்ளும். துணியின் ஓரங்கள் குக்கரின் சூடான பக்கங்களில் தொங்காதபடி மூடியின் மேல் மடித்துவிட வேண்டும். என் அமுச்சி (அம்மாவின் அம்மா) மாவு ஊற்றுவதற்கு முன் இட்லித் துணியை எத்தனை இறுக்கமாகப் பிழிவார் என்பதை நினைத்துக்கொண்டே நான் இதைச் செய்வது வழக்கம். ஆனால் இங்கே துணி காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, நீர் அதிகம் விடும் பழமாக இருந்தால் சர்க்கரையில் பிசறி அரை மணி நேரம் வைத்து, ஊறி வரும் சாற்றில் பாதியை வடித்துவிடுங்கள். அந்தச் சாற்றைத் தனியே சுண்டக் காய்ச்சிப் பரிமாறும்போது மேலே ஊற்றிக்கொள்ளலாம். சோள மாவு இல்லாதவர்கள் ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்து அதே அளவு சேர்க்கலாம். அமெரிக்க வீடுகளிலும் பழச்சாற்றைக் கெட்டியாக்க மரவள்ளியிலிருந்து செய்த டாப்பியோக்காவையே சேர்ப்பவர்கள் உண்டு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் சோள மாவுப் பெட்டியைத் தேடி அலைவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கடைசியாக, முதல் ஒன்றரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் சூடு இறங்கும். இறங்கிய சூடு மீண்டும் ஏற இருபது நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் உப்பிய மாவு அமர்ந்துவிடும். வெந்த பிறகு மட்டும், அணைத்துவிட்டு இருபது நிமிடம் திறந்தே வையுங்கள். ஆறும்போதுதான் சாறு கெட்டிப்படும் என்பதால், சூட்டோடு பார்த்து நீர்த்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம்.

'லோ'வில் இரவு முழுவதும் வைத்துவிட்டுத் தூங்கலாமா? (ஈரோட்டிலிருந்து)

வேண்டாம். 'லோ'வில் சூடு மெதுவாக ஏறுவதால், மாவு இறுகுவதற்கு முன்பே பேக்கிங் பவுடரின் காற்று தீர்ந்துபோய், மேலே வெந்த களிதான் மிஞ்சும்.

எந்தப் பழம் நல்லது? மல்கோவாவில் செய்து பார்த்தேன், கூழாகிவிட்டது. (சேலத்திலிருந்து)

மல்கோவா கையில் வைத்துச் சாப்பிடும் பழம், அண்ணா. அதை இதற்குப் போடுவது பாவம். சதை கெட்டியாகவும் புளிப்பு லேசாகவும் உள்ள கிளிமூக்கு மாம்பழம், அதுவும் முழுதாகக் கனியாமல் முக்கால் பழுத்ததாக இருந்தால் துண்டுகள் உருக்குலையாமல் நிற்கும். என் மனத்துக்கு உகந்தது ஊட்டிப் பேரிக்காய்தான். அதன் கெட்டிச் சதை நீண்ட நேரம் வெந்துதான் இளகும் என்பதால், அது ஸ்லோ குக்கருக்கென்றே விளைந்தது போலத் தோன்றும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிளம்ஸ் கிடைக்கும் பருவத்தில் புளிப்பைப் பார்த்து 30 கிராம் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள், எலுமிச்சை தேவையில்லை.

அன்னாசியை மட்டும் முதலில் அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துப் போடுங்கள். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. குக்கர் மெல்லச் சூடேறும் நேரத்தில் அது பால் சேர்ந்த மாவைக் கெடுத்துவிடும், கொதித்துவிட்டால் செயலிழந்துவிடும். வாழைப்பழம் என்றால் நேந்திரம் மட்டும், அதுவும் கனிந்து குழையாததாக. பூவனும் கதலியும் கச்சாயம் என்ற எண்ணெய்ப் பலகாரத்துக்கு ஆகும்; இதற்கு ஆகாது.

மைதாவுக்குப் பதிலாகக் கம்பு அல்லது ராகி மாவு போடலாமா? (தாராபுரத்திலிருந்து)

நான்கில் ஒரு பங்கு வரை போடலாம். அதற்கு மேல் போனால் காற்றைப் பிடித்து வைக்கும் பிசின் தன்மை குறைந்து, மாவு உதிரியாகிவிடும். முழுக் கோதுமை மாவில் செய்தால் பால் 20 மில்லி கூடுதலாக வேண்டும்.

மேலே பொன்னிறமே வரவில்லையே? (கரூரிலிருந்து)

வராது, தம்பி. நீராவி சூழ்ந்த பானைக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; மாவு சிவந்து மணப்பதற்கு அதைவிட நெடுந்தூரம் மேலே போக வேண்டும். தேங்காய்த் துருவலையும் உடைத்த முந்திரியையும் நெய்யில் சிவக்க வறுத்து, இறக்கிய பிறகு தூவுங்கள். பீங்கான் பானையை அடுப்பிலோ கிரில்லிலோ வைத்துச் சிவக்க வைக்கும் முயற்சி, அந்தப் பானைக்கு அது ஏற்றது என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால் மட்டும்.

நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். நீங்கள் சொன்ன நேரத்தில் நடுவில் வேகவே இல்லை, அக்கா.

உங்கள் ஊரின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பேக்கிங் பவுடரைக் கால் தேக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். வெந்ததா என்று அறிய, சுத்தமான ஈர்க்குச்சியை மாவின் நடுவில் மட்டும் செருகிப் பாருங்கள். பழம் வரை இறக்கினால் குச்சி எப்போதும் ஈரமாகத்தான் வரும்.

பாதியில் மின்சாரம் போய்விட்டால்? (கோபியிலிருந்தே)

முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், மூடியைத் திறக்காமல் வைத்திருந்து, மின்சாரம் இல்லாத நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் உள்ளிருப்பதை அடி கனமான பாத்திரத்துக்கு மாற்றி, அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் அந்தப் பாத்திரத்தை ஏற்றிச் சிறு தீயில் மூடி வையுங்கள். உப்பல் கொஞ்சம் குறையும், சுவை குறையாது. ஸ்லோ குக்கரே இல்லாதவர்களும் இதே முறையில் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம். விறகடுப்பு இன்னும் இருக்கும் தோட்டத்து வீடுகளில் கொடியடுப்பு (பெரிய அடுப்பின் அனல் வரும் பக்க அடுப்பு) அதைவிட நன்றாக வேலை செய்யும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் மட்டும் முயல வேண்டாம். அடியில் சர்க்கரை பிடித்ததும் சோறு வெந்துவிட்டது என்று எண்ணி அது தானே அணைந்துவிடும்.