முப்பரிமாண நெசவு: தறிக்காரர் கேள்விகளும் பதில்களும்

அடுக்கடுக்கான பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டையும் மேலிருந்து கீழாக ஒரு பிணைப்பு இழை கட்டிப் பிடிக்கும் துணி பற்றியது இது. ரெசின் (இறுகும் பிசின்) ஏற்றிப் பலகையாக்கிய பிறகும் அடுக்குகள் எளிதில் பிரியாது.

சோமனூர்: 16 ஷாஃப்ட் டாபி ரேப்பியர் தறி இருக்குதுங்க (ஷாஃப்ட்னா பாவு இழையை ஏத்தி இறக்குற சட்டம், டாபி அதை இயக்குற கருவி, ரேப்பியர் ஊடையைக் கொண்டு போற கம்பி). கண்ணாடி இழையில 5 அடுக்கு ஓட்டலாங்களா?

தாராளமா ஓட்டலாம். பாவு 5 அடுக்குக்கு 5 ஷாஃப்ட், பிணைப்புக்கு 2, ஓரத்துக்கு 2. ஆக 9 போதும். ஊடை 6 அடுக்கு வரும். ஆறும் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்த பிறகுதான் பிணைப்பு ஷாஃப்ட் ரெண்டும் இடம் மாறணும்.

பல்லடம்: அப்படித்தாங்க ஓட்டுனேன். ஊடை படிக்கட்டு மாதிரி சரிஞ்சு நிக்குது.

டேக்-அப் (நெஞ்ச துணியை இழுத்துச் சுத்துற அமைப்பு) ஒவ்வொரு பிக்குக்கும் (ஊடை ஒரு தடவை விழுறது) நகருது. அதான் கோளாறு. 5 பிக்குக்கு நிறுத்தி, ஆறாவதுக்கு மொத்தமா 2.5 மி.மீ. நகர்த்துங்க. எலக்ட்ரானிக் டேக்-அப் இல்லாத தறியில இதுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

சென்னிமலை: பிணைப்பு இழையையும் பாவு பீம்லயே (பாவு சுத்துற உருளை) சுத்திக்கலாங்களா?

கூடவே கூடாதுங்க. கணக்குப் பாருங்க. பாவும் ஊடையும் 600 டெக்ஸ் (1,000 மீட்டர் இழையோட எடை, கிராம்ல), அடுக்குக்கு செ.மீ.க்கு 4 இழை. 4 × 600 ÷ 10 = ச.மீ.க்கு 240 கிராம். பாவு 5, ஊடை 6, ஆக 11 அடுக்குக்கு 2,640. பிணைப்பு 300 டெக்ஸ், அதுவும் செ.மீ.க்கு 4. நீட்டிப் பிடிச்சா 120 கிராம்தான். ஆனா 2.5 மி.மீ. முன்னால போறதுக்குள்ள துணியோட முழுத் தடிமனையும் ஒரு தடவை ஏறுது, இல்லைன்னா இறங்குது. அதனால மீட்டர் துணிக்கு 2 மீட்டர் இழை தின்னும். எடை 240 ஆகும். மொத்தம் 2,880 கிராம். பலகையில கன அளவுல பாதி இழை, பாதி ரெசின்னா தடிமன் சுமார் 2.3 மி.மீ.

ஒரே பீம்ல ரெண்டையும் சுத்துனா, நேர்ப்பாவு தொங்கும், பிணைப்பு அறுந்துக்கும். பிணைப்புக்குத் தனி கிரீல் (பாபின் மாட்டுற சட்டம்), ஒவ்வொரு பாபினுக்கும் தனி டென்ஷன். இறுக்குனா மேல் ஊடை நெளிஞ்சு பலகையோட வலு குறையும். தளர்த்துனா மேல வளையம் வளையமா நிக்கும்.

ஈரோடு: இழை பிசிறாம இருக்க சைசிங்ல (நெய்யறதுக்கு முன்னால இழைக்குப் பூச்சு ஏத்துறது) கஞ்சி போடலாங்களா?

வேண்டாம். பருத்திப் பழக்கம் இங்க உதவாது. இழை மேல ரெசின் ஒட்டுறதுக்கான பூச்சு ஏற்கனவே இருக்கு. கஞ்சி போட்டா ரெசின் பிடிக்காது. எபாக்ஸியா, பாலியஸ்டரான்னு சொல்லி, அதுக்கேத்த ரோவிங் (முறுக்காத கண்ணாடி இழைக் கட்டு) வாங்குங்க.

கோவை: அதே தறியில கார்பன்?

ஓடும். ஆனா கார்பன் தூசி மின்சாரம் கடத்தும். தறியோட மின் பேனலுக்குள்ள போனா ஷார்ட் ஆயிடும். முதல்ல பேனலை ரப்பர் வெச்சு அடைங்க. ஏர் கன் வெச்சு ஊதாம, வேக்குவம்ல உறிஞ்சி எடுங்க.