தரகர் கொடுத்த தடுப்பூசி அட்டையை நம்பலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். பதினைந்து நாட்களுக்கு முன்பு ஒரு தரகர் மூலம் லேப்ரடார் நாய்க்குட்டி வாங்கினோம். அப்போது அதற்கு 45 நாள் வயது என்றும், இரண்டு தடுப்பூசிகள் போட்டாகிவிட்டன, இனி வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போட்டால் போதும் என்றும் சொல்லி ஓர் அட்டையைக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரோ அட்டையைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார். இத்தனை ஊசிகளை அந்தச் சின்ன உடம்பு தாங்குமா? பக்கத்து வீட்டுக் குட்டி ஊசி போட்ட மூன்றாம் நாளே இறந்துபோனதால் பயமாக இருக்கிறது. வெளியே எப்போது அழைத்துப் போகலாம்? நேற்று விளையாடும்போது என் மகன் கையில் அதன் பல் பட்டு லேசாகக் கீறிவிட்டது. குட்டிதானே என்று விட்டுவிட்டோம். அட்டையின் படத்தையும், குட்டியை வாங்கிய அன்று எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மகனை இன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கீறல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நேற்றே கழுவியிருந்தாலும் இன்னொரு முறை கழுவுவதில் தவறில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசமாகவே கிடைக்கும்; முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று தோலுக்குள் போடுவார்கள். இரத்தம் எட்டிப் பார்த்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அப்போது காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு வெறிநோய் வராது என்று நம் ஊர்களில் உறுதியாக நம்புகிறார்கள். மூன்று மாதம் என்பது குட்டிக்கு அந்தத் தடுப்பூசி போடுவதற்கான வயதே தவிர, அதுவரை நோய் அண்டாது என்பதற்கான உத்தரவாதம் அல்ல. உங்கள் குட்டி எங்கே பிறந்தது, அதன் தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா, தரகர் கைக்கு வருவதற்கு முன் அதை எந்த நாயாவது கடித்ததா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீறல் பட்ட நாளிலிருந்து பத்து நாட்கள் குட்டி நல்ல உடல்நலத்துடன் இருந்தால், மீதமுள்ள ஊசிகளை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த மருத்துவர் முடிவு செய்வார். பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசியைத் தொடங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இனி அட்டைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடையே பத்து நாள் இடைவெளி காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு வரிகளும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே மருத்துவர் பெயரும் இல்லை, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லை. ஏதோ ஒரு முத்திரை மட்டும் மங்கலாகக் குத்தப்பட்டிருக்கிறது. இந்த அட்டைகளை மருந்து நிறுவனங்கள் கட்டுக்கட்டாக அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கின்றன. அவை எவர் கைக்கும் போய்ச் சேரும். ஊசி உண்மையில் போடப்பட்டதற்கான சான்று அந்த ஒட்டுச்சீட்டுதான். தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட அந்தச் சீட்டைக் குப்பியிலிருந்து உரித்து அட்டையில் ஒட்டி, அதன்மேல் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத அட்டையை நான் வெற்றுக் காகிதமாகத்தான் எடுத்துக்கொள்வேன். உங்கள் மருத்துவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னது சரி.

தரகர் ஒருவேளை உண்மையாகவே ஊசி போட்டிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. வாங்கிய அன்று எடுத்த படம் ஒன்றில் குட்டி கொட்டாவி விடுகிறது. கீழ்த்தாடையின் முன்பற்கள் குருணை அரிசி நுனி அளவுக்குத்தான் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகின்றன. பால்பற்களில் முன்பற்கள் ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் முளைக்கும். 45 நாள் குட்டிக்கு அவை வரிசையாக, ஊசிபோல் கூர்மையாக எழுந்து நிற்க வேண்டும். உங்கள் குட்டிக்கு அன்று முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து நாள்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் அட்டையில் காட்டியிருக்கும் முதல் ஊசி, குட்டி கண் திறந்து சில நாட்களே ஆகியிருந்த பருவத்தில் போடப்பட்டதாக ஆகிறது. அந்த வயதில் போடும் ஊசி பயன்படாது.

ஏன் பயன்படாது என்பதை மட்டும் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தெளிந்துவிடும். பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பாற்றல் அதன் இரத்தத்தில் சேர்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் காவலாளியைப் போல, அது நோய்க்கிருமியையும் தடுக்கும்; தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைந்த கிருமியையும் வேறுபாடு பார்க்காமல் விரட்டிவிடும். இந்தக் காவல் சில குட்டிகளில் ஆறாவது வாரத்திலேயே தளர்ந்துவிடுகிறது. சில குட்டிகளில் பதினாறாவது வாரம்வரை நீடிக்கிறது. எந்தக் குட்டியில் எப்போது தளரும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஊசியைப் பதினாறு வாரம் நிறைந்த பிறகு போட்டு முடிக்க வேண்டும் என்று உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் வழிகாட்டுகிறது. முன்னால் எத்தனை ஊசி போட்டோம் என்ற எண்ணிக்கையை விட, அந்தக் கடைசி ஊசி எந்த வயதில் விழுந்தது என்பதே பெரிது. பத்து வாரத்தில் ‘கோர்ஸ் முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்த அட்டையோடு நான்கு மாதக் குட்டி பார்வோ நோயில் சுருண்டு, இரத்தக் கழிச்சலோடு என் மேசைக்கு வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் அட்டையின் பேச்சை நம்ப மாட்டார்கள்.

ஆகவே உங்கள் குட்டிக்கான கணக்கு இது. அதற்கு இன்று ஏறக்குறைய ஏழு வாரம். மலம் இறுகலாக, காய்ச்சல் இல்லாமல், சுறுசுறுப்பாக இருந்தால், குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று மருத்துவரிடம் சரிபார்த்துக்கொண்டு, இந்த வாரமே பார்வோவுக்கும், நாய்களின் உயிரைப் பறிக்கும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கும் முதல் ஊசியைப் போடுங்கள். பத்து அல்லது பதினோராவது வாரத்தில் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டு ஊசி. பதினான்காவது வாரத்தில் அதே கூட்டு ஊசியும், அதோடு வெறிநாய்க்கடி ஊசியும். வயதே சந்தேகமாக இருப்பதால் கடைசி ஊசியைப் பதினாறில் நிறுத்தாமல் பதினேழு, பதினெட்டாவது வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அன்றே வெறிநாய்க்கடிக்கு இரண்டாவது ஊசியும் போட்டுவிடலாம். ஒரு வயதுக்குள் ஒரு வலுவூட்டும் ஊசி. அதற்குப் பிறகு எலிக்காய்ச்சலுக்கும் வெறிநாய்க்கடிக்கும் ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டெம்பருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதுமானது. ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்று எண்ணிக்கையைக் கூட்டி விலையைக் கூட்டுபவர்களிடம் மயங்க வேண்டாம். நாய்க் கொரோனா ஊசி தேவையானவற்றின் பட்டியலிலேயே இல்லை.

சின்ன உடம்பு தாங்குமா என்ற கவலை நியாயமானது. அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்ட பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதேனும் ஒவ்வாமையோ உபாதையோ காட்டியவை பத்தாயிரத்துக்கு 38 நாய்கள். ஒரே வேளையில் பல ஊசிகள் போடும்போதும், மிகச் சிறிய இனங்களிலும் அது கூடுதலாக இருந்தது. லேப்ரடார் அந்த வகை அல்ல. ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாட்கள் குட்டி சோர்ந்து படுக்கலாம், உணவைக் குறைக்கலாம், ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி சில நாள் இருக்கலாம். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மனிதர்களுக்கான பாரசிட்டமாலையும் கொடுக்க வேண்டாம். முகம் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, ஈறு வெளுத்து மயங்கிச் சரிவது ஆகியவை அவசரம். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தலைகாட்டும் என்பதால், ஊசி போட்ட கையோடு வண்டியில் ஏறாமல் மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் காத்திருங்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருந்து, இப்போது மீண்டும் போட நேர்ந்தாலும் அதனால் கேடு இல்லை. பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு பாதுகாப்பில்லாமல் திரிவதுதான் கேடு.

பக்கத்து வீட்டுக் குட்டி ஊசியால் இறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பார்வோ கிருமி உடலுக்குள் நுழைந்து அறிகுறி காட்டப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் எடுத்துக்கொள்ளும். சந்தையிலோ தரகரின் கூண்டிலோ நோய் தொற்றிய குட்டியை வாங்கி வந்து மறுநாளே ஊசி போட்டால், ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே நோய் முந்திக்கொள்ளும். பழி ஊசியின் மேல் விழும். அந்தக் குட்டி கழிச்சலில் இறந்ததா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், இந்த எச்சரிக்கையை நன்றாக மனதில் வையுங்கள்: அந்த வீட்டு முற்றமும், அந்தக் குட்டி நடமாடிய தெருவோரமும் உங்கள் குட்டிக்கு ஆபத்தான இடங்கள். இந்தக் கிருமி மண்ணில் ஓராண்டுக்கும் மேல் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். பினாயிலை நம்பாதீர்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, சிமெண்ட் தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெறும் மண்ணில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் குட்டியைக் கொஞ்ச வந்தால் கைகால் கழுவி, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். அவர்கள் இன்னொரு குட்டி வாங்க நினைத்தால், கடைசி ஊசிவரை முழுமையாகப் போட்டு முடித்த குட்டியையே அந்த வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வெளியே அழைத்துச் செல்வதைப் பற்றி: கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெரு மண்ணில் இறக்கிவிடாதீர்கள். ஆனால் நான்கு மாதமும் அறைக்குள் பூட்டி வைத்தால், மனிதரையும் வண்டிச் சத்தத்தையும் கண்டு மிரளும் நாயாக அது வளரும். கையில் தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டுங்கள். முழுமையாக ஊசி போட்ட, நோயற்ற நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்குள் விளையாட விடலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன் என்று வருகிறவர், மருந்தை எதிலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் உருகித் தண்ணீராகிப்போன பாலித்தீன் பையிலிருந்தும், ஒரு முறை சட்டைப் பையிலிருந்தும் குப்பியை எடுத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்ட ஊசியால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. நோயைத் தடுக்கவும் செய்யாது. குப்பியை உங்கள் கண்முன் திறந்து, காய்ந்த மருந்துக் கட்டியைத் திரவத்தில் கரைத்து உடனே போட வேண்டும். குட்டி சிறியது, அரைக் குப்பி போதும் என்று சொல்லி மீதியை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பொமரேனியனுக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரே முழு அளவுதான்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஐந்து வாரக் குட்டியை 45 நாள் என்று விற்பவரை எவரும் நிறுத்திக் கேட்பதில்லை. குட்டி இறந்தால் வாங்கியவர் அழுகிறார், நாங்கள் சலைன் ஏற்றுகிறோம், தரகர் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு அட்டை எழுதுகிறார். புகார் எழுதிக் கொடுத்த என்னிடமே, எழுத்துப்பூர்வமான ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். எந்தத் தரகர் ரசீது கொடுக்கிறார்?

நாளை மருத்துவமனைக்குப் போகும்போது பழைய அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்; புதிய அட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். பிறந்த நாள் என்ற இடத்தில் தரகர் சொன்ன நாளை எழுத விடாதீர்கள். மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொல்லும் நாளை எழுதச் சொல்லி, ஒட்டுச்சீட்டை அவர் உங்கள் எதிரில் ஒட்டிக் கையெழுத்திட்ட பிறகு எழுந்திருங்கள்.