மைக்கையும் பேட்ச்பேயில் கொடுக்கலாமா? ஸ்டூடியோ வயரிங் கேள்வி–பதில்

கே: மாடியில் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோ போடுகிறேன். எட்டு சேனல் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்குவது), எட்டு லைன் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவது), இரண்டு கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) இருக்கின்றன. 48 பாயின்ட் பேட்ச்பே போதுமா, 96 வாங்கணுமா?
– திருச்சி வாசகர்

ப: 48 தாராளம். பேட்ச்பே என்பது எல்லாக் கருவிகளின் வயர்களும் வந்து சேரும் சாக்கெட் பலகை: பின்பக்கம் நிரந்தர வயர், முன்பக்கம் தேவைக்கேற்ப மாற்றும் வயர். மேலே 24, கீழே 24, எல்லாம் 6.35 மி.மீ. டிஆர்எஸ் (டிப், ரிங், ஸ்லீவ் என மூன்று தொடர்புள்ள) ஜாக். 96 பாயின்ட் என்பது பெரும்பாலும் 4.4 மி.மீ. டிடி என்ற சிறிய ஜாக், இடம் மிச்சம்தான், ஆனால் வயர் செலவு கையைக் கடிக்கும்.

ப்ரீஆம்பின் எட்டு அவுட்புட்டையும் பின்பக்கம் மேல் வரிசையில் 1 முதல் 8 வரை கொடுங்கள். நேர் கீழே இன்டர்ஃபேஸ் இன்புட். இந்த எட்டும் ஹாஃப்-நார்மலில் இருக்கட்டும். அதாவது, முன்னால் எதுவும் செருகாதபோது சிக்னல் தானாகக் கீழே இறங்கும். மேலே செருகினாலும் அந்த இணைப்பு அறாது. கீழே செருகினால்தான் அறும். ஆகவே கம்ப்ரஸரை நடுவில் கொண்டுவர இரண்டே வயர்: ப்ரீஆம்ப் மேல் சாக்கெட்டிலிருந்து கம்ப்ரஸர் இன்னுக்கு ஒன்று, கம்ப்ரஸர் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் கீழ் சாக்கெட்டுக்கு ஒன்று.

கம்ப்ரஸர்களுக்கு 9, 10. மேலே அவுட், கீழே இன். பலர் சறுக்குவது இங்கேதான்: இவையும் ஹாஃப்-நார்மலில் இருந்தால் அவுட்புட் தன் இன்புட்டுக்கே திரும்பி ஊளையிடும். இவற்றைத் த்ரூவுக்கு (மேலும் கீழும் உள்ளே இணையாத நிலைக்கு) மாற்றுங்கள். சில மாடல்களில் மேல்பக்கம் ஸ்விட்ச் உண்டு. சிலவற்றில் கார்டையே கழற்றித் திருப்பிப் போட வேண்டும். ரேக்கில் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பின்பக்கத்துக்கு 20 வயர், முன்பக்கத்துக்கு 60 செ.மீ. நீளத்தில் எட்டு. எல்லாம் டிஆர்எஸ்ஸாகவே இருக்கட்டும். கிட்டார் வயரைச் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் ஒன்றாகி, பேலன்ஸ்டு (இரு கம்பிகளில் சிக்னல் போய் இரைச்சலை நீக்கும் முறை) போய் இரைச்சல் ஏறும்.

கே: மைக் வயர்களையும் அதே பேட்ச்பேயில் கொடுக்கலாமா?
– மதுரை வாசகர்

ப: வேண்டாம். டிஆர்எஸ் ப்ளக் உள்ளே நுழையும்போது டிப்பும் ரிங்கும் ஒரு கணம் தப்பான இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். மைக்குக்கு வயர் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணத்தில் இரு கம்பிகளிலும் வோல்டேஜ் சமமாக இருக்காது. ரிப்பன் மைக் என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு இழுபட்டுக் கெட்டுப்போகலாம். சுவர்ப் பெட்டியிலிருந்து எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் கொண்ட மைக் கனெக்டரில்) நேராக ப்ரீஆம்புக்குக் கொண்டுபோங்கள்.

எக்ஸ்எல்ஆரில் பின் 1 ஷீல்டு, 2 ஹாட் (சிக்னல்), 3 கோல்டு (அதே சிக்னல் தலைகீழாக). ஒரு முனையில் மட்டும் 2, 3 இடம் மாறினால் தனியாகக் கேட்கும்போது தெரியாது. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்துக் கலக்கிப் பாருங்கள், தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி, அதாவது அடிநாதம், மெலிந்துபோயிருக்கும்.

வயரை நீங்களே செய்வதானால், சால்டர் வைக்கும் முன் கனெக்டரின் பின்மூடியைக் கேபிளில் நுழைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் செய்தவர்களும் மறப்பது இது. கம்பி, பின்னின் குழி இரண்டிலும் முதலில் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்துச் சூடு காட்டினால் இரண்டு மூன்று நொடியில் ஒட்டும். அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும். எதிர் கனெக்டர் ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டு செய்தால் பின் அசையாது.

கே: டிபி25 (எட்டு சேனலும் ஒரே 25 பின் கனெக்டரில் போகும்) வயர் மாட்டினேன். சில சேனல் வரவே இல்லை, சில தப்பான இடத்தில் வருகின்றன. வயர் பழுதா?
– கோவை வாசகர்

ப: பழுதாக இருக்காது. டாஸ்காம் முறைக்கும் யமஹா முறைக்கும் பின் வரிசை வேறு. கனெக்டர் மட்டும் ஒன்றேபோல் இருக்கும். மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்துப் பாருங்கள். டாஸ்காமில் முதல் சேனலுக்கு பின் 24 ஹாட், 12 கோல்டு, 25 ஷீல்டு. எட்டாவதுக்கு 1, 14, 2. பின் 13 காலி. உங்கள் கருவி டாஸ்காம் முறையாக இருந்து வயர் இப்படி வராவிட்டால், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.